மன்றோ விட்டுச்சென்ற ட்ரெக்கிங் பாடம்: ஒகேனக்கல் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சென்னை தீவுத்திடல் பக்கம் போறப்போ, சேணமோ அங்கவடியோ இல்லாத குதிரையில் ஒருவர் சிலையா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அவர்தான் சர் தாமஸ் மன்றோ. ஒகேனக்கலுக்கு ஒரு நாள் ட்ரெக்கிங் பிளான் பண்றீங்கன்னா, இவர் கதை உங்களுக்குத்தான்.

1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர், 18 வயசுல கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதி, கம்பெனி கைக்குப் போச்சு. கேப்டன் ரீடின் உதவியாளரா 1799 வரை இங்கே வரி நிர்ணயம் செய்தார் மன்றோ. உட்கார்ந்த இடத்துல முடியுற வேலையில்லை. ஊர் ஊரா கூடாரம் போட்டு சுத்தணும். விவசாயியிடமே நேரடியா வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாகத் தொடங்கியது.

1820-ல் சென்னை மாகாண கவர்னர். 1827-ல் ஊருக்குத் திரும்பும் முன்பு, தான் முன்பு கலெக்டரா இருந்த இன்றைய ஆந்திரப் பகுதிக்குக் கடைசியாக ஒரு பயணம் கிளம்பினார். அங்கே காலரா பரவியிருந்தது. ஜூலை 6-ம் தேதி, பத்திகொண்டாவில், காலரா தாக்கிய அன்றே இறந்துபோனார். 47 வருஷ அனுபவமும் கவர்னர் பதவியும் அவரைக் காப்பாத்தலை.

அசுத்தமான தண்ணீரில் காலரா பரவுதுன்னு லண்டனில் ஜான் ஸ்நோ காட்டியது 1854-ல்தான். மன்றோவுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. நமக்குத் தெரியுமே!

அதனால, 'தெரிஞ்ச இடம்தானே'ன்னு அசால்ட்டா கிளம்பாதீங்க. கொதிக்க வெச்ச தண்ணியும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டும் பையில இருக்கட்டும். ஆறு தெளிவா இருந்தாலும் அப்படியே அள்ளிக் குடிக்காதீங்க. காவிரியில் நீர்வரத்து கூடினா குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவாங்க; கிளம்புற அன்னிக்குக் காலையிலயே விசாரிச்சுடுங்க. பென்னாகரம் தாண்டினா யானைக் காடு. வனத்துறை அனுமதி இல்லாம உள்ளே நுழையாதீங்க, இருட்டுறதுக்குள்ள வெளியே வந்துடுங்க.

இமயமலையில் உயரமான கணவாய் ஏறுறவங்க, எத்தனை மணிக்குத் திரும்பணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்க. கணவாய் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் அந்த நேரம் வந்தா திரும்பிடணும். ஒகேனக்கலுக்கும் அதே விதிதான். அருவி அங்கேயேதான் இருக்கும். இன்னொரு நாள் போய்க்கலாம்.