ஆசிரியர்க்கு ஆசிரியை: அன்னா காம்ஸ்டாக்

மாணவரை வயலுக்கும் ஓடைக்கரைக்கும் அழைத்துச் செல்ல விழையும் ஆசிரியருக்கு முதலில் யார் கற்பிப்பது? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் அம்மையார்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1854இல் பிறந்த அவர், 1874இல் கார்னெல் பல்கலைக்கழகம் புகுந்து, இடையில் படிப்பை நிறுத்தி, 1878இல் பூச்சியியல் அறிஞர் ஜான் ஹென்றி காம்ஸ்டாக்கை மணந்து, 1885இல் பட்டம் பெற்றார். கணவரின் நூல்களுக்காக மரச்செதுக்குக் கலை பயின்று பூச்சிகளின் படங்களையும் செதுக்கித் தந்தார்.

1893இன் பொருளாதார நெருக்கடியில் உழவர் குடும்பத்தினர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பள்ளியிலேயே மண்ணின்மீது பற்றை வளர்க்க இயற்கைக் கல்வி தொடங்கப்பட்டது. கற்பிக்க வேண்டிய ஆசிரியர்களோ பறவையையும் செடியையும் அறியாதிருந்தனர். அவர்களுக்கென அம்மையார் பாடத்தாள்கள் எழுதினார். கோடை வகுப்புகளும் நடத்தினார். தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொண்டு மாணவரோடு சேர்ந்தே தேடுக என்பது அவர்தம் அறிவுரை. நம்மில் எத்தனை பேருக்கு அத்துணிவு உண்டு?

1899 அளவில் அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கிட்டியது. பெண்ணுக்கு அப்பட்டமா என ஆட்சிக்குழுவினர் மறுக்கவே, விரிவுரையாளர் ஆக்கப்பட்டார். பணி குறையவில்லை, பெயர்தான் குறைந்தது. இழந்த பதவி 1913இல் மீண்டது. முழுப் பேராசிரியர் நிலை 1920இல்தான் வாய்த்தது. அப்போது அகவை அறுபத்தைந்து!

இதற்கிடையே, பாடத்தாள்களைத் திரட்டி 900 பக்கங்களுக்கு மேற்பட்ட இயற்கைக் கல்விக் கையேட்டை 1911இல் வெளியிட்டார். நட்டமே மிஞ்சும் எனக் கணவரே அஞ்சிய அந்நூல் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. அம்மையார் 1930இல் மறைந்தார்.