துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு போதகர்: லோங்ரி ஆவோ

கொல்லிமலைப் பழங்குடிகளிடையே பணியாற்றி, 1929இல் இம்மலையிலேயே மறைந்தவர் பாப்டிஸ்ட் ஊழியர் ஜெஸ்ஸி பிராண்டு. வாசலூர்பட்டியில் இன்றும் நினைவுகூரப்படும் அத்திருச்சபை மரபு, நாகா மலைகளில் உள்நாட்டுப் போரின் நடுவே வாழ நேர்ந்தது. அங்கே அது என்ன செய்தது என்பதற்கு லோங்ரி ஆவோவின் வாழ்வே விடை.

1906இல் ஆவோ பழங்குடியில் பிறந்த அவர், 1950களில் தம் இனத்தை விட்டுக் கொன்யாக் மக்களிடையே ஊழியம் செய்யச் சென்றார். அதே பத்தாண்டில் நாகா விடுதலைக் கோரிக்கையை ஒடுக்க இராணுவம் வந்தது. ஊர்கள் எரிக்கப்பட்டன, மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1958இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் பிறந்தது. போராளிகளும் விசுவாசிகளே, கொல்லப்பட்ட ஊராரும் விசுவாசிகளே. எனவே ஒதுங்கி நிற்கும் வழி திருச்சபைக்கு இருக்கவில்லை.

1964 தொடக்கத்தில் வோக்காவில் கூடிய நாகாலாந்து பாப்டிஸ்ட் திருச்சபைகள் அமைதிக் குழுவுக்கு வழிவகுத்தன. ஜெயபிரகாஷ் நாராயண், பி.பி. சாலிகா, மைக்கேல் ஸ்காட் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 6 முதல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. இம்முயற்சிகளின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் லோங்ரி ஆவோ.

1975 நவம்பரில் கையெழுத்தான ஷில்லாங் உடன்பாட்டுக்குத் தூது சென்ற தொடர்புக்குழுவிலும் அவர் இருந்தார். பின்னாளில் காந்திகிராமப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான தமிழர் மு. அறமும் அக்குழுவில் பணியாற்றினார். ஆனால் நிபந்தனையின்றி அரசியலமைப்பை ஏற்று ஆயுதங்களை ஒப்படைக்கக் கோரிய அவ்வுடன்பாட்டைப் போராளிகளில் ஒரு பகுதியினர் துரோகமாகக் கண்டனர். 1980இல் தனி அமைப்பே தோன்றியது. அடுத்த ஆண்டு லோங்ரி ஆவோ மறைந்தார்.

அவருடைய முயற்சியைத் தோல்வி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. போர்நிறுத்தக் காலத்தில் ஊர்கள் மூச்சுவிட்டன. ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்தாலும் அவற்றுக்கு அதிகாரம் அளித்த சட்டம் ஓயவில்லை. அவர் ஊழியம் செய்த கொன்யாக் மண்ணில், மோன் மாவட்ட ஓட்டிங்கில், 2021 டிசம்பரில் சுரங்க வேலை முடித்துத் திரும்பிய 6 தொழிலாளர்களை இராணுவம் சுட்டுக் கொன்றது. வீரர்கள் மீது வழக்குத் தொடர ஒன்றிய அரசு அனுமதி மறுத்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் குற்றவியல் நடவடிக்கைகளை முடித்துவைத்தது.

சமாதானத்தைத் திருச்சபை கொண்டுவரலாம். நீதியைச் சட்டமே தர வேண்டும். அவர் விட்டுச்சென்ற பணியின் அந்தப் பாதி, சட்டம் பயிலும் நம் தலைமுறைக்கு உரியது.