முதற்பட்டம் பெற்ற றீஸ்

தவறணைச் சுவரிலே தொங்கும் வட்டப் பலகையை நோக்கிச் சிற்றம்பு எறிபவரின் வாழ்க்கையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நானும் ஒருகாலத்தில் எண்ணியவனே. லேற்றன் றீஸ் என்பாரின் வரலாற்றை அறிந்த பின்னர் அவ்வெண்ணம் மாறிற்று.

1940இல் தென் வேல்ஸிலுள்ள அனிஸபூல் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திலே அவர் பிறந்தார். மோட்டார் உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் நெடுங்காலம் தொழில் புரிந்தார். டாட்ஸ் அவருக்கு மாலைநேரப் பொழுதுபோக்கு. அதனை ஒரு பிழைப்பாகக் கருதியோர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவ்வாறிருந்தும் 1976இல், முப்பத்தாறாம் வயதிலே, நிலையான சம்பளத்தைக் கைவிட்டு அம்பையே நம்பி வாழத் துணிந்தார். மாதச் சம்பளத்தில் வாழும் நம்மவர் இத்துணிவின் கனத்தை எளிதில் உணர்வர்.

இவ்விளையாட்டை அறியாதார்க்கு ஒரு சொல். 501 என்னும் எண்ணிலிருந்து, பெற்ற புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, மிகச் சரியாகப் பூச்சியத்தை அடைதல் வேண்டும். இறுதி அம்பு இரட்டிப்புப் பெறும் இடத்திலே தைத்தல் வேண்டும். பலகையின் உச்சியில் இருபது. அதன் இருமருங்கிலும் ஒன்றும் ஐந்தும். இம்மி பிசகினால் இருபது ஒன்றாகிவிடும். கழித்தற் கணக்குக்கு அஞ்சும் மாணவரைக் காணும்போது, இவர்களிடம் ஒரு பலகையைக் கொடுத்தால் என்ன என்று நான் நினைப்பதுண்டு.

1977இல் நடந்த முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் வேல்ஸ் அணி வென்றது. தனியாள் பட்டம் றீஸுக்குக் கிடைத்தது. உடன் ஆடிய அலன் எவன்ஸ் துள்ளலும் ஆரவாரமும் மிக்கவர். றீஸோ ஆறுதலானவர்; நீண்ட ஆட்டங்களிலே சலியாதவர்.

1978 பெப்ரவரியில், நொற்றிங்காம் நகரத்து இரவு விடுதியொன்றிலே, முதலாவது உலகத் தொழின்முறைப் போட்டி நிகழ்ந்தது. அங்கே ஓர் ஆட்டத்தைப் பத்தே அம்புகளில் அவர் முடித்தார். ஒன்பது அம்புகளே இவ்விளையாட்டின் எல்லை. அதற்கு ஒன்றுதான் அதிகம். இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஜோன் லோவை 11–7 என வென்று 3,000 பவுண் பரிசு பெற்றார்.

அடுத்த ஆண்டின் இறுதியாட்டத்திலே அதே லோ 5–0 என அவரை வீழ்த்தினார். அதன்பின் றீஸ் உலக இறுதியாட்டத்தை எட்டவில்லை. 1984இல் லோ தொலைக்காட்சிக் கமராவின் முன்னே ஒன்பது அம்புகளில் ஆட்டத்தை முடித்து, அதற்கெனவே 102,000 பவுண் பெற்றார். 2025ஆம் ஆண்டின் உலகப் பட்டத்துக்கோ பரிசு 500,000 பவுண். றீஸ் சற்று முந்திப் பிறந்துவிட்டார் என்பர் சிலர். எனக்கு அது உடன்பாடன்று. அவரும் அவரையொத்த சிலரும் சம்பளத்தை விட்டு வந்திராவிடின் பின்னையோர்க்கு இத்தொழிலே வாய்த்திருக்குமோ என்பது ஐயம்.

2003 யூன் மாதத்தில், அறுபத்துமூன்றாம் வயதிலே, அவர் காலமானார். அனிஸபூலின் சுரங்கம் 1988இலேயே மூடப்பட்டுவிட்டது. அவ்வூரிலே ஒரு சிறு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.