கென்னத் ஆண்டர்சன்: டார்ச் லைட் கட்டிய ரைஃபிளின் கதை!

மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லி புலி, சிறுத்தைகளைத் தேடி அலைந்தவர் கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்தவர். ஊர் பெங்களூரு. தபால் தந்தித் துறையிலும், பிறகு விமானத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த மாதச் சம்பளக்காரர்.

ராஜாக்கள் விலையுயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு வேட்டைக்குப் போன காலம் அது. இவர் கையில் இருந்ததோ அமெரிக்கத் தயாரிப்பான வின்செஸ்டர் 405, ஒற்றைக்குழல் ரைஃபிள்.

சிக்கல் என்னன்னா, ஆட்கொல்லிகள் பெரும்பாலும் வருவது இருட்டில். துப்பாக்கியைப் பிடிக்கவே ரெண்டு கை வேணும். டார்ச்சை யார் பிடிப்பது? அவர் செய்தது சிம்பிள். பேட்டரி டார்ச்சை குழலோடு கிளாம்ப் போட்டு மாட்டினார். விரலால் ஸ்விட்சை அழுத்தினால், குழல் பார்க்கும் இடத்திலேயே வெளிச்சம் விழும்.

இது வெறும் வசதிக்காக இல்லை. குறி தப்பி காயம்பட்ட விலங்கு, ஓடிப்பிடித்து இரை தேட முடியாமல் மனிதர்களைத் தாக்கத் தொடங்கலாம். அதாவது, ஒரு மோசமான சூடு அடுத்த ஆட்கொல்லியை உருவாக்கிவிடும். இதை அவரே தன் புத்தகங்களில் எச்சரித்திருக்கிறார்.

பிற்காலத்தில் அவர் அதிகம் விரும்பியது துப்பாக்கியை அல்ல, கேமராவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் அவர் மறைந்தார்.