எல்லை கண்ட வாலஸ்

நுழையும்முன்

ஓர் உயிரினத்திற்குப் பெயரிடுவது அறிவியலின் முதற்படி. அது எங்கே வாழ்கிறது, எந்த ஆற்றங்கரையோடு அதன் வாழிடம் முடிகிறது, எந்தத் தீவில் அது இல்லாமற்போகிறது என்று அறிவது அடுத்த படி. அதிகம் அறியப்படாத ஒரு தவளையோ வண்டோ இதற்குமுன் பதிவாகாத இடத்தில் காணப்பட்டால், அதனைப் புதிய பரவல் பதிவு என்று ஆய்வாளர்கள் இன்று ஆய்விதழ்களில் வெளியிடுகின்றனர். சிறு செய்திபோல் தோன்றும் அத்தகைய பதிவுகளின் அருமையை உணர்ந்து, அவற்றின் துணையால் உலகின் விலங்குப் பரப்பையே வரைந்து காட்டியவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். அவருடைய வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் ஊரின் அருகே பிறந்தார். குடும்பத்தின் செல்வம் படிப்படியாகக் குறைந்ததால் பதினான்காம் வயதளவில் அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. பின்னர் அவர் தம் அண்ணன் வில்லியமிடம் நில அளவைத் தொழில் கற்றார். சங்கிலியும் அளவுக்கருவியும் ஏந்தி வயல்வெளிகளிலும் மலைச்சரிவுகளிலும் அலைந்த அந்த ஆண்டுகளே அவருக்குக் கல்லூரியாயின. ஒரு நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் துல்லியமாகக் குறிக்கும் பழக்கம் அப்போதே அவரிடம் படிந்தது. வழியில் கண்ட செடிகளின் பெயரை அறிய விரும்பி, எளிய நூல்களின் துணையால் தாவரவியலையும் தாமே கற்றார்.

1844இல் லெஸ்டர் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்நகரில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. வண்டுகளைத் திரட்டுவதில் பேட்ஸுக்கு இருந்த ஆர்வம் வாலஸையும் பற்றிக்கொண்டது. உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினா இருவர் உள்ளத்தையும் ஆட்கொண்டது. விடை தேடி வெப்பமண்டலக் காடுகளுக்குச் செல்வதென இருவரும் துணிந்தனர். பொருள் வசதியற்ற அவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. பறவைகளையும் பூச்சிகளையும் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்குள்ள முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் அவற்றை அருங்காட்சியகங்களுக்கும் செல்வர்களுக்கும் விற்றுப் பணம் அனுப்புவார். அவ்வருவாயே பயணத்திற்கும் உணவிற்கும் ஆதாரம்.

அமேசான் காட்டில்

1848இல் இருவரும் பிரேசில் நாட்டின் பாரா துறைமுகத்தில் இறங்கினர். பின்னர்த் தனித்தனி வழிகளில் சென்றனர். வாலஸ் அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோவின் வழியே, அதுவரை ஐரோப்பிய ஆய்வாளர் அதிகம் செல்லாத பகுதிகளுக்குச் சென்றார். காய்ச்சலும் பசியும் அவரை வாட்டின. அண்ணனுக்கு உதவ வந்த இளைய தம்பி ஹெர்பர்ட், 1851இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார்.

அந்தக் காட்டில் வாலஸ் ஒன்றைக் கவனித்தார். ஆற்றின் ஒரு கரையில் மரத்திற்கு மரம் தாவித் திரிந்த ஒருவகைக் குரங்கு மறுகரையில் அறவே இல்லை. அங்கு வேறொரு வகைக் குரங்கு வாழ்ந்தது. இவ்வுண்மையை அப்பகுதியின் வேட்டைக்குடிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். குறிப்பிட்ட விலங்கு வேண்டுமாயின் அவர்கள் ஓடம் ஏறி மறுகரைக்குச் சென்றே வேட்டையாடினர். வேடர்கள் அறிந்த செய்தியை அருங்காட்சியகங்கள் அறியவில்லை. அங்கிருந்த பாடம் செய்த விலங்குகளின் சீட்டுகளில் பிரேசில் என்றோ தென்னமெரிக்கா என்றோ மட்டுமே எழுதப்பட்டிருந்தது. எந்த ஆற்றின் எந்தக் கரை என்னும் குறிப்பு இல்லை.

கடலில் எரிந்த உழைப்பு

1852ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வாலஸ் ஹெலன் என்னும் கப்பலில் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். தம் சொந்த ஆய்வுக்கென வைத்திருந்த பறவைகள், பூச்சிகள், நாட்குறிப்புகள் முதலியவற்றையும் உடன் கொண்டு சென்றார். ஆகத்து 6ஆம் நாள் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. ஒரு தகரப் பெட்டியில் சில ஓவியங்களையும் குறிப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு அவர் படகில் இறங்கினார். மீன்களையும் பனைவகை மரங்களையும் கண்டு வரைந்த ஓவியங்கள் அவற்றுள் இருந்தன. எஞ்சிய உழைப்பெல்லாம் அவர் கண்முன்னே எரிந்தது. நீர் கசியும் படகுகளில் பத்து நாள்கள் தத்தளித்த பின்னரே அவ்வழியே வந்த கப்பலொன்று அவர்களை மீட்டது.

முகவர் ஸ்டீவன்ஸ் முன்னெச்சரிக்கையாகச் செய்திருந்த காப்பீட்டால் ஓரளவு பணம் கிடைத்தது. எரிந்த உயிரினங்களுக்கு அது ஈடாகுமா? எனினும் வாலஸ் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்து திரும்பிய அதே ஆண்டின் திசம்பர்த் திங்களிலேயே அமேசான் குரங்குகள் பற்றிய கட்டுரையொன்றை அறிஞர் அவையில் அளித்தார். அமேசான், ரியோ நெக்ரோ, மதெய்ரா ஆகிய பேராறுகள் குரங்கினங்களின் எல்லைகளாக விளங்குவதை அதில் எடுத்துரைத்தார். விலங்குகள் பிடிக்கப்பட்ட இடத்தைத் துல்லியமாகக் குறிக்காத வழக்கத்தையும் குறைகூறினார். பொருளை இழந்தும் அவர் கையில் எஞ்சியிருந்தது இந்த இடஅறிவே.

மலாய்த் தீவுக்கூட்டத்தில்

1854இல் வாலஸ் மீண்டும் கடல் கடந்தார். இம்முறை அவர் சென்றது சிங்கப்பூர், போர்னியோ, செலிபிஸ், மொலுக்கா, நியூகினி எனப் பரந்து கிடக்கும் மலாய்த் தீவுக்கூட்டம். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 14,000 மைல் பயணம் செய்து 1,25,660 உயிரினப் படிவங்களைத் திரட்டினார். அவற்றுள் 83,200 வண்டுகள்; 8,050 பறவைகள். சரவாக்கில் பணிக்குச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் சமையலில் தொடங்கி, பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்வது வரை கற்றுத்தேர்ந்து அவருடைய வலக்கையாக விளங்கினார்.

ஒவ்வொரு தீவிலும் பிடித்த உயிரினத்தைத் தீவின் பெயரோடு தனித்தனியே குறித்துவைப்பது வாலஸின் மாறா வழக்கம். பூச்சிகளைக் குத்திய ஊசியில் சிறு வட்டத் தாளொன்றைச் செருகி, அதில் இடப்பெயரின் சுருக்கத்தை எழுதுவார். விற்பனைக்கு அனுப்பும் வணிகனுக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. உயிரினங்களின் தோற்றத்தை அறிய விழைந்த வாலஸுக்கோ அந்த வட்டத் தாளே உயிர்நாடி. முன்னர்க் கலபாகசுத் தீவுகளுக்குச் சென்ற சார்லஸ் டார்வினும் தொடக்கத்தில் தாம் பிடித்த குருவிகளைத் தீவுவாரியாகப் பிரித்துக் குறிக்கத் தவறினார். பின்னாளில் உடன் பயணித்தோர் வைத்திருந்த பறவைகளின் குறிப்புகளை அவர் நாட வேண்டியதாயிற்று. இடக்குறிப்பின் இன்றியமையாமையை இதனால் உணரலாம்.

பாலியும் லொம்போக்கும்

1856இல் செலிபிஸ் தீவிற்குச் செல்ல வாலஸ் விரும்பினார். நேரே செல்லும் கப்பல் கிடைக்கவில்லை. ஆதலால் பாலி, லொம்போக் தீவுகளின் வழியே சுற்றிச் செல்ல நேர்ந்தது. எதிர்பாராது நேர்ந்த அச்சுற்றுவழி அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

பாலியில் அவர் தங்கியது இரண்டே நாள்கள். அங்கே தூக்கணாங்குருவி, மரங்கொத்தி, குக்குறுவான் முதலிய ஆசியப் பறவைகளைக் கண்டார். பின்னர்க் குறுகிய நீரிணையைக் கடந்து லொம்போக்கில் இறங்கினார். பாலியில் கண்ட பறவைகளை அங்கே காணவில்லை. வெண்ணிறக் காக்கட்டூக் கிளிகளும் தேனுண்ணிப் பறவைகளும் குப்பைமேடு குவித்து அதற்குள் முட்டையைப் புதைக்கும் கோழியினப் பறவைகளும் அவர் கண்ணிற்பட்டன. அவை ஆசுதிரேலியாவைச் சார்ந்த பறவைகள். இரு தீவுகளுக்கும் மண் ஒன்று; மழை ஒன்று; வெயிலும் ஒன்று. விலங்குலகமோ வெவ்வேறு.

பிற தீவுகளிலும் ஆராய்ந்தபின் வாலஸ் நிலப்படத்தில் ஓர் எல்லையைக் கண்டறிந்தார். அது பாலிக்கும் லொம்போக்கிற்கும் இடையே தொடங்கி, போர்னியோவிற்கும் செலிபிஸுக்கும் நடுவே வடக்கு நோக்கிச் செல்கிறது. மேற்கே புலியும் காண்டாமிருகமும் குரங்கினங்களும் வாழும் ஆசிய உலகம். கிழக்கே பைம்மாவினங்கள் தோன்றத் தொடங்கும் ஆசுதிரேலிய உலகம். 1868இல் அறிஞர் ஹக்ஸ்லி இவ்வெல்லைக்கு வாலஸ் கோடு என்று பெயரிட்டார்.

இதன் காரணத்தையும் வாலஸ் கடலின் ஆழத்தில் தேடினார். ஜாவா, சுமத்திரா, போர்னியோ ஆகியவற்றைச் சூழ்ந்த கடல் ஆழம் குறைந்தது. பண்டு கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இத்தீவுகள் ஆசிய நிலப்பரப்போடு இணைந்திருந்தன. விலங்குகள் நிலவழியே நடந்து பரவின. பாலிக்கும் லொம்போக்கிற்கும் இடைப்பட்ட நீரிணையோ ஆழமானது. கடல் தாழ்ந்த காலத்திலும் அங்கே நீர் வற்றவில்லை. விலங்குகள் வாழும் இடத்தைக்கொண்டே நிலத்தின் பழைய வரலாற்றைப் படிக்கலாம் என்பதை வாலஸ் இவ்வாறு மெய்ப்பித்தார்.

தெர்னாத்தே மடல்

புதிய உயிரினம் ஒன்று, தனக்கு நெருங்கிய உறவுடைய முந்தைய உயிரினம் வாழ்ந்த இடத்தை ஒட்டியே தோன்றுகிறது என்னும் கருத்தைச் சரவாக்கில் இருந்தபோதே, 1855இல், வாலஸ் வெளியிட்டிருந்தார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதே எஞ்சியிருந்த வினா. 1858இன் தொடக்கத்தில் காய்ச்சலால் நடுங்கிக் கிடந்த வேளையில் விடை புலப்பட்டது. வாழ்க்கைப் போராட்டத்தில் சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் நிலைக்கின்றன; ஏனையவை அழிகின்றன. இதனை விளக்கும் கட்டுரையைத் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார்.

அதே கருத்தை இருபது ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த டார்வின் மடலைக் கண்டு திகைத்தார். நண்பர்களின் ஏற்பாட்டால் இருவருடைய எழுத்துகளும் 1858ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் இலண்டனிலுள்ள இலின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. தொலைதூரத் தீவில் இருந்த வாலஸ் இதனைப் பின்னரே அறிந்தார். அவர் உள்ளத்தில் பொறாமை எழவில்லை. பிற்காலத்தில் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய தம் பயண நூலை டார்வினுக்கே உரிமையாக்கினார்.

பாச்சான் தீவின் புதுப்பறவை

அதே 1858இல் பாச்சான் தீவில் ஒருநாள் காட்டிலிருந்து திரும்பிய அலி, விந்தையான பறவை ஒன்றைக் கொண்டுவந்தார். மார்பில் பச்சை மின்னியது. ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டு நீண்ட வெள்ளை இறகுகள் எழுந்து நின்றன. அது அறிவியல் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை. நியூகினியையும் அதனை அடுத்த தீவுகளையும் சார்ந்த அவ்வினம் இவ்வளவு மேற்கேயும் வாழ்கிறது என்னும் செய்தி வாலஸுக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. இன்றும் அப்பறவையின் அறிவியற்பெயரில் வாலஸின் பெயர் விளங்குகிறது. அதனை முதலில் கண்டு கொணர்ந்த அலியின் பங்கை வாலஸ் தம் நூலில் மறவாது பதிவுசெய்தார்.

உலகை ஆறாகப் பகுத்தவர்

1862இல் வாலஸ் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டே, காடுகள் அழிந்து உயிரினங்கள் மறையுமுன் அவற்றை இடக்குறிப்போடு திரட்டிக் காப்பது அரசுகளின் கடமை என வலியுறுத்தினார். 1876இல் விலங்குகளின் புவிப்பரவல் என்னும் பொருள்பற்றி இரு தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். பறவைகளை அடிப்படையாகக் கொண்டு ஸ்கிளேட்டர் முன்மொழிந்த ஆறு மண்டலங்களைப் பிற விலங்குகளுக்கும் விரித்து அந்நூலில் நிறுவினார். அவற்றுள் ஒன்றான கீழைமண்டலத்தில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் இணைத்துத் தனி உட்பிரிவாகக் காட்டினார். கடல் பிரித்தாலும் இவ்விரு நிலங்களின் உயிரினங்கள் நெருங்கிய உறவுடையன என்பதை அப்பகுப்பு உணர்த்துகிறது.

புகழ் வந்தபோதும் வறுமை அவரை விட்டு நீங்கவில்லை. நிலையான பணி கிடைக்கவில்லை. ஈட்டிய பணமும் தவறான முதலீடுகளில் கரைந்தது. டார்வினின் முயற்சியால் 1881இல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைத்தது. இறுதிவரை எழுதிக்கொண்டே இருந்த வாலஸ், 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

அழியாத குறிப்பு

பாச்சான் தீவில் வாலஸ் ஒரு பெண் தேனீயையும் பிடித்திருந்தார். ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் நீளமும் பெரிய தாடைகளும் கொண்ட அது உலகின் மிகப்பெரிய தேனீயாகும். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் அது படவில்லை. அழிந்துபோனதோ என்றும் ஐயுற்றனர். 1981இல் பூச்சியியலார் ஒருவர் அத்தீவுப் பகுதியில் தேடியபோது, மரங்களிலுள்ள கறையான் புற்றுகளுக்குள் அத்தேனீ கூடுகட்டி வாழ்வதைக் கண்டார். பாச்சானில் மட்டுமன்றி ஹல்மகேரா, திதோர் தீவுகளிலும் அது வாழ்வது அப்போது புதிதாகப் பதிவாயிற்று. 2019இல் ஆய்வுக்குழுவொன்று அதனை உயிரோடு மீண்டும் படமெடுத்தது.

அத்தேனீயைத் தேடிச் சென்றோர் எங்கே தொடங்குவது என்று அறிந்திருந்தனர். பாச்சான் என்னும் இடப்பெயரை வாலஸ் எழுதிவைத்திருந்ததே அதற்குக் காரணம். இருப்பிடம் தெரிந்தால்தான் ஓர் உயிரினத்தை மீண்டும் தேட முடியும்; அது வாழும் காட்டைக் காக்கவும் முடியும். பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய ஒருவர், கண்டதைக் கண்ட இடத்தோடு எழுதும் ஒழுங்கினால் உலகின் அறிவை வளர்த்தார். நம் ஊர்க் குளத்திலும் குன்றிலும் வாழும் உயிர்களை நோக்கும் எவரும் அவ்வொழுங்கைக் கைக்கொள்ளலாம். அதற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.