வச்சிரபோதி அடிகள்

சேலம் மாவட்டத்தில், ஆத்தூரை அடுத்த தியாகனூர் என்னும் சிற்றூரில், தியான நிலையில் அமர்ந்த புத்தர் சிலைகள் இரண்டு உள்ளன. முற்காலத்தில் பௌத்தம் தமிழகத்தின் உள்நாட்டூர்களிலும் வேரூன்றியிருந்தது என்பதற்கு அவை சான்றாகும். அந்நெறியைக் கடல் கடந்து கொண்டு சென்ற சான்றோருள் ஒருவர் வச்சிரபோதி அடிகள்.

அடிகள் கி.பி. 671-இல் தோன்றினார். அவர் பிறந்தது தென்கோடியிலுள்ள மலைய நாடு என்று சீன வரலாறு கூறும். அவர் இளமையிலேயே நாலந்தாவில் துறவு பூண்டு பல கலைகளைக் கற்றார். முப்பத்தோராம் வயதில் தென்னாடு போந்து, நாகபோதி என்னும் ஆசிரியரிடம் ஏழாண்டுகள் வச்சிரயான நெறியைப் பயின்றார்.

அந்நெறிக்கு ஏட்டுக் கல்வி மட்டும் போதாது. ஆசிரியர் மாணாக்கனுக்குப் புனித நீரால் அபிடேகம் செய்விப்பார். மாணாக்கன் சில நோன்புகளை ஏற்பான். மெய்யறத்தைக் கைவிடாமை, எல்லா உயிரும் உய்ய வேண்டும் என்னும் போதி உள்ளத்தை இழவாமை, அறத்தை வழங்குவதில் உலோபம் செய்யாமை, எவ்வுயிர்க்கும் தீங்கு இழையாமை ஆகிய நான்கும் அவற்றுள் தலையாயவை. இவ்வுறுதிக்கு வடமொழியில் சமயம் என்று பெயர். மறைபொருளைப் பக்குவம் இல்லாதவர்க்கு உரைத்தலும் ஆகாது. எனவே, தகாதவர்க்கு வழங்கினும் குற்றம். தக்கவர்க்கு மறைப்பினும் குற்றம்.

அந்நாளில் காஞ்சியில் ஆண்ட பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் அடிகளைப் பெரிதும் போற்றினான். அடிகள் சீனம் செல்ல விரும்பியபோது, தூதனையும் அறநூல் ஏடுகளையும் உடன் அனுப்பினான். இலங்கையிலிருந்து பாரசீக வணிகரின் கலங்களோடு அவர் புறப்பட்டார். வழியில் பெரும்புயல் வீசிற்று. கப்பலின் பாரத்தைக் குறைப்பதற்காகப் பொருள்கள் கடலில் எறியப்பட்டன. வச்சிரசேகரம் என்னும் பெருநூலும் அவற்றோடு மறைந்தது. அதன் சுருக்கமே எஞ்சியது. அடிகள் மனந்தளரவில்லை. 719-இல் சீனக்கரை அடைந்து, 723-இல் அச்சுருக்கத்தைச் சீனமொழியில் பெயர்த்தார்.

அவருடைய மாணாக்கருள் அமோகவச்சிரர் என்னும் இளைஞர் சிறந்தவர். மறைநெறியைக் கற்பிக்குமாறு அவர் மூன்றாண்டுகள் வேண்டினார். பருவம் வரவில்லை என்று கருதி அடிகள் இசையவில்லை. மனம் வருந்திய மாணாக்கர் இந்தியா செல்லத் துணிந்தார். அன்றிரவு, தலைநகரிலுள்ள புத்தர் திருவுருவங்கள் யாவும் கீழ்த்திசை நோக்கிச் செல்வதாக அடிகள் கனாக் கண்டாராம். உரிய மாணாக்கர் இவரே என்று உணர்ந்து, ஒன்றையும் ஒளியாது உபதேசித்தார். மறுத்த காலத்தும் வழங்கிய காலத்தும் அவர் காத்தது தாம் ஏற்ற நோன்பையே.

முதுமையில் அடிகள் தாய்நாடு திரும்ப விழைந்தார். பேரரசனும் விடை தந்தான். எனினும், 741-இல் வழியிலுள்ள லோயாங் நகரில் நோயுற்று மறைந்தார். ஆசிரியர் ஆணையைத் தலைமேற்கொண்டு அமோகவச்சிரர் இலங்கைக்குச் சென்று, ஏடுகள் பல திரட்டி 746-இல் மீண்டார். அவர் மாணாக்கர் குய்குவோவிடம் 805-இல் கூகாய் என்னும் சப்பானியத் துறவி அபிடேகம் பெற்றார். அவர் வளர்த்த சிங்கோன் நெறி சப்பானில் இன்றும் வாழ்கின்றது. அந்நெறியினர் தம் குரவர் எண்மருள் ஒருவராக வச்சிரபோதி அடிகளை வணங்குகின்றனர்.

கடல் ஏட்டைக் கொண்டது. ஏற்ற உறுதியைக் கொள்ள இயலவில்லை.