சீருடையை எரித்த வீராங்கனை. அதே கல்லூரிக்கு 3 முறை சாம்பியன் பட்டம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1912-ல் பிறந்தவர் மார்கரெட் வேட். அங்குள்ள டெல்டா ஸ்டேட் கல்லூரி பெண்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன்.

1932-ல் திடீரென அந்த அணியையே கலைத்தது நிர்வாகம். பொம்பளப் பிள்ளைங்க உடம்புக்கு இந்த ஆட்டம் தாங்காது என்பதுதான் சொன்ன காரணம். வீராங்கனைகள் அழுதனர். ஆத்திரத்தில் சீருடைகளை தீ வைத்து கொளுத்தினர். வேறு என்ன செய்ய முடியும்?

படிப்பு முடிந்ததும் மார்கரெட் 2 வருஷம் வெளியே ஒரு அணியில் ஆடினார். முழங்காலில் அடிபட, அதுவும் போச்சு. ஆனாலும் பந்தை விடவில்லை. கிளீவ்லேண்ட் பள்ளியில் 19 வருஷம் பிள்ளைகளுக்கு பயிற்சி கொடுத்தார்.

1973-ல் கல்லூரி மறுபடியும் பெண்கள் அணியை தொடங்கியது. பயிற்சியாளராக கூப்பிட்டது மார்கரெட்டைத்தான். அப்போது வயது 60. மறுக்காமல் வந்தார். 2-வது சீசனிலேயே 28 ஆட்டம், 28 வெற்றி. 1975, 1976, 1977 என தொடர்ந்து 3 முறை தேசிய சாம்பியன் பட்டம்! இடையில் தோல்வியே இல்லாமல் வரிசையாக 51 வெற்றி.

1985-ல் நெய்ஸ்மித் கூடைப்பந்து புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 1995-ல், 82 வயதில் காலமானார்.

பெண் என்பதால் ஆட்டம் பறிக்கப்பட்டவர் அவர். அமெரிக்க கல்லூரி அணிகளின் சிறந்த வீராங்கனைக்கு 1978 முதல் தரப்படும் விருதுக்கு அவர் பெயர்தான்: வேட் டிராபி.